மென்பொருள் கேள்வி – பதில்: கோப்பில் வரும் சொல், கட்டளையாக மாறாமல் காப்பது எப்படி?

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, டேட்டா பைப்லைன் எழுதுவோர் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் குறித்து அஞ்ச வேண்டுமா என்ற ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. தரவை ஓரிடத்திலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் தொடர் நிரல்களே டேட்டா பைப்லைன். எஸ்.க்யூ.எல். என்பது தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி; வெளியிலிருந்து வரும் சொல் அந்தக் கட்டளையின் பகுதியாகிவிடுவதே இன்ஜெக்ஷன். அஞ்ச வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தப் பொருளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். பையர்களும் பையிங் ஹவுஸ்களும் அனுப்பும் ஆர்டர் பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாகப் பெற்று, பைத்தான் நிரல் மூலம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றுகிறோம். 'மென்'ஸ் போலோ' போன்ற விவரம் உள்ள வரிகள் வந்தால் மட்டும் ஏற்றம் நின்றுவிடும். அந்த ஒற்றை மேற்கோள் குறியை நீக்கிவிட்டு ஏற்றும்படி நிரலை மாற்றியபின் எல்லாம் ஓடுகிறது. இப்போது தணிக்கைக்கு வந்தவர் இதை எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் குறை என்று எழுதிவிட்டார். பொதுமக்கள் பயன்படுத்தும் இணையதளம் எதுவும் எங்களிடம் இல்லையே, இது எப்படிப் பொருந்தும்?
— வாசகர், திருப்பூர்

பதில்: தணிக்கையாளர் எழுதியது சரி. ஏற்றம் நின்றதற்கும் அவர் சுட்டும் குறைக்கும் காரணம் ஒன்றே. ஒன்றை முறையாகத் தீர்த்தால் மற்றதும் தீர்ந்துவிடும்.

உங்கள் நிரல், கோப்பிலிருந்து எடுத்த சொற்களைக் கட்டளையின் வாசகத்தோடு ஒட்டி ஒரே தொடராக்கித் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. அதில் எது நீங்கள் எழுதியது, எது பையர் அலுவலகத்திலிருந்து வந்தது என்று பிரித்தறியத் தரவுத்தளத்துக்கு வழியே இல்லை. 'மென்'ஸ் போலோ' என்பதன் நடுவிலுள்ள குறியைக் கண்டதும், மதிப்பு அங்கேயே முடிந்துவிட்டதாகக் கொண்டு, எஞ்சிய 'ஸ் போலோ' என்பதைக் கட்டளையின் தொடர்ச்சியாக வாசிக்க முயன்று, பொருள் விளங்காமல் பிழை காட்டி நின்றது. பொருள் விளங்கும்படி ஏதேனும் அங்கே இருந்திருந்தால், நிற்காமல் நிறைவேற்றியிருக்கும். அந்தக் குறிக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் இட்டு, ஓர் அட்டவணையை அழிக்கும் கட்டளையை எழுதி, மிச்சத்தைக் கணக்கில் கொள்ளாதிருக்க இரண்டு சிறு கோடுகளையும் இட்ட ஒரு விவர வரி வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வழியை 1998 டிசம்பரில் 'ஃப்ராக்' மின்னிதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் விளக்கி எழுதினார். கால் நூற்றாண்டு கடந்தும் அது ஓயவில்லை என்பதற்கு, அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சீசாவும் எஃப்.பி.ஐ.யும் 2024 மார்ச்சில் மென்பொருள் நிறுவனங்களுக்கு இது பற்றியே தனி எச்சரிக்கை விடுத்ததைச் சான்றாகக் கொள்ளலாம்.

இணையதளம் இல்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் தரவுத்தளத்துக்குள் நுழையும் சொற்களை எழுதுவது யார்? பையர் அலுவலகம், பையிங் ஹவுஸ், ஜாப் ஒர்க் எடுக்கும் சாயப்பட்டறை, காஜா பட்டன் யூனிட், மின்னஞ்சலில் பையர் பெயரைப் போட்டுக்கொண்டு கோப்பு அனுப்பத் தெரிந்த எவரும். இணையப் படிவத்தில் தட்டச்சு செய்யும் அந்நியரை நம்பக் கூடாது என்று எல்லோரும் கற்றிருக்கிறோம். கோப்பில் வருவதை மட்டும் நம்முடையதாகவே கருதிவிடுகிறோம். பைப்லைன் நிரல்களில் இந்தக் குறை மலிந்திருப்பதற்கு அந்த நம்பிக்கையே முதற்காரணம் என்பேன்.

நீங்கள் செய்த மாற்றம் இரண்டு வகையில் தவறு. முதலாவது, அது தரவைக் கெடுக்கிறது. பையரின் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு விதமாகவும் உங்கள் பேக்கிங் லிஸ்டில் வேறு விதமாகவும் விவரம் இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் அடுத்த நிரல் பொருத்தம் காணாது. இரண்டாவது, அது காப்பும் அன்று. எண்ணிக்கை வரும் இடத்தில் மேற்கோள் குறியே இல்லாமல் கட்டளை எழுதியிருப்பீர்கள். அங்கே 500 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனையை ஒட்டி எழுதுவதற்கு எந்த மேற்கோள் குறியும் தேவைப்படாது. குறியை நீக்காமல் இரட்டிப்பாக்கும் பழைய வழக்கத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். போஸ்ட்கிரெஸ் உடன் வரும் மேற்கோள் காப்புச் செயற்கூறுகளிலேயே, பிழையான குறியேற்றத்தில் எழுத்துகள் வரும்போது சில சூழல்களில் காப்பு உடைகிறது என்று 2025 பிப்ரவரியில் தெரியவந்து, திருத்தப் பதிப்புகள் வெளியிடப்பட்டன. அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நேர்ந்தது, நாம் கையால் எழுதும் இரண்டு வரி மாற்று நிரலுக்கு நேராது என்று சொல்ல முடியாது.

முறையான வழி, மதிப்புகளைப் பாராமீட்டராக அனுப்புவது. வங்கிச் சலானில் கட்டத்துக்குள் நாம் என்ன எழுதினாலும், அச்சிட்ட வாசகம் மாறுவதில்லை. அதுபோலக் கட்டளையின் வாசகம் முதலிலேயே உறுதியாகி, மதிப்புகள் தமக்குரிய இடத்தில் மட்டும் சென்று அமர்கின்றன. பைத்தானின் சைக்கோபிஜி நூலகத்தில், கட்டளையில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் இட்டு, மதிப்புகளை எக்சிக்யூட் செயற்கூறின் இரண்டாவது உள்ளீடாகத் தனியே தர வேண்டும். இங்கே ஓர் எழுத்தளவு வேறுபாட்டில் பலர் இடறுகிறார்கள். கட்டளைக்கும் மதிப்புகளுக்கும் இடையில் காற்புள்ளி இருந்தால் நூலகம் அவற்றைப் பிரித்தே கையாளும். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சதவீதக் குறி இருந்தால், நூலகத்தைச் சென்றடையும் முன்பே பைத்தான் இரண்டையும் ஒட்டிவிடும், பழைய ஆபத்து அப்படியே திரும்பிவிடும். நிரலை மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறியின் மதிப்பைத் தொடருக்குள்ளேயே இடும் பைத்தானின் எஃப்-ஸ்ட்ரிங்கும் ஒட்டும் வகையைச் சேர்ந்ததே. மேற்சொன்ன சதவீத எஸ் இடக்குறியைச் சுற்றி நீங்களாக மேற்கோள் குறி இடுவதும் கூடாது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகப் பல வரிசைகளை ஒரே கட்டளையில் சேர்த்து அனுப்பும்போது, பாராமீட்டர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டளைக்கு 65,535 வரை ஏற்கும்; மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தளமான எஸ்.க்யூ.எல். சர்வர் 2,100 வரைதான் ஏற்கும். வரிசைக்கு 20 நெடுவரிசைகள் என்றால், பின்னதில் சுமார் 100 வரிசைகளிலேயே வரம்பு முட்டும். அந்தப் பிழையைக் கண்டதும் பாராமீட்டரையே கைவிட்டு மீண்டும் ஒட்டத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டியதில்லை. தொகுதிகளைச் சிறிதாக்கலாம், போஸ்ட்கிரெஸ் என்றால் காப்பி கட்டளையைப் பயன்படுத்தலாம். அது வரிசைகளைத் தனிப் பாதையில் தரவாகவே பெற்றுக்கொள்ளும், அவற்றைக் கட்டளையாக வாசிக்க முயலாது. பெரிய கோப்புகளுக்கு வேகமும் அதிலேதான் கிடைக்கும். நூலகத்தின் வழியாக அதைச் செய்தால், 'மென்'ஸ் போலோ' உள்ளது உள்ளபடியே வந்து சேரும்.

கேள்வி: மஞ்சள் விலை நிலவரத்தைத் தொகுக்கும் பணியில் இருக்கிறேன். வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் எக்செல் கோப்புகளின் தலைப்பு வரியைப் படித்து, அதற்கேற்ப அட்டவணையை நிரலே உருவாக்கிக்கொள்ளும். மதிப்புகளைப் பாராமீட்டராக மாற்றிவிட்டேன். அட்டவணைப் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் அவ்வாறே கொடுத்தால் பிழை வருகிறது. என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு

பதில்: பாராமீட்டர் என்பது மதிப்புக்கு மட்டுமே உரியது. எந்த அட்டவணையில், எந்த நெடுவரிசையில் வேலை என்று தெரிந்தபிறகே தரவுத்தளம் கட்டளையைப் பகுத்து வேலைத்திட்டம் வகுக்க முடியும். ஆகவே பெயர்களைப் பிறகு நிரப்பிக்கொள்ள அதனால் இயலாது. போஸ்ட்கிரெஸ், கூகுளின் பிக்குவெரி இரண்டிலும் இதே விதிதான். வரிசைப்படுத்தும்போது ஏறுமுகமா இறங்குமுகமா என்று சொல்லும் சொல்லுக்கும் இது பொருந்தும். பைப்லைன் நிரல்களில் நான் பெரிதும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். மதிப்புகளை ஒழுங்காகப் பாராமீட்டராக்கியவர்கள்கூட, வேறு வழி தெரியாமல் பெயர்களை ஒட்டிவிடுகிறார்கள். எக்செல்லின் தலைப்புக் கட்டத்தில் எவரும் எதையும் எழுதலாம் அல்லவா!

என் முதல் ஆலோசனை, கோப்பில் உள்ள பெயரைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லவே வேண்டாம் என்பது. விரலி, கிழங்கு, மூட்டை எண்ணிக்கை, குறைந்த விலை, அதிக விலை என்று உங்களுக்கு வரக்கூடிய தலைப்புகள் அளவானவை. அவை ஒவ்வொன்றுக்கும் எந்த நெடுவரிசை என்ற பட்டியலை நிரலிலேயே எழுதிவையுங்கள். கோப்பின் தலைப்பு அந்தப் பட்டியலில் தேடுவதற்கு மட்டுமே பயன்படட்டும். கட்டளையில் இடம்பெறுவது நீங்கள் எழுதிவைத்த பெயராக இருக்கட்டும். பட்டியலில் இல்லாத தலைப்பு வந்தால் ஏற்றத்தை நிறுத்தி, உங்களுக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். ஒரு கோப்பு ஒரு நாள் தாமதமாகலாம். தவறான நெடுவரிசையில் விலை ஏறி, அதைப் பார்த்து ஒரு விவசாயி சரக்கைக் கொண்டுவருவதைவிட அது மேல்.

பெயர்கள் முன்கூட்டியே தெரியாத பொதுவான நிரல் என்றால், பெயர்களுக்கென்றே உள்ள காப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும். சைக்கோபிஜியில் ஐடென்டிஃபயர் என்ற வகையும், போஸ்ட்கிரெஸுக்குள் எழுதும்போது ஃபார்மட் செயற்கூறின் சதவீத ஐ குறியீடும், எஸ்.க்யூ.எல். சர்வரில் குவோட்நேம் செயற்கூறும் இதற்காகவே உள்ளன. குவோட்நேம், 128 எழுத்துக்கு மேற்பட்ட பெயரைக் கொடுத்தால் பிழை காட்டாமல் வெறுமை மதிப்பைத் தரும். அதைச் சோதிக்காமல் விட்டால் முழுக் கட்டளையும் வெறுமையாகிவிடக்கூடும். ஏற்கெனவே உள்ள அட்டவணையில் எழுதுவதாக இருந்தால், அந்தப் பெயர் தரவுத்தளத்தின் உள் அட்டவணைப் பட்டியலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாராமீட்டர் வழியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே தொடரலாம்.

தமிழ்த் தலைப்புகளை அப்படியே நெடுவரிசைப் பெயராக்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயரின் நீளம் 63 பைட்டுகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள் எடுக்கும். 'கிழங்கு' என்ற சொல்லுக்கே 21 பைட்டுகள் போய்விடுகின்றன. 'ஒழுங்குமுறை விற்பனைக்கூட விரலி விலை', 'ஒழுங்குமுறை விற்பனைக்கூட கிழங்கு விலை' என்ற இரண்டு தலைப்புகளும், வரம்பைத் தாண்டிய பகுதி வெட்டப்பட்டு, விரலியும் கிழங்கும் வருவதற்கு முன்பே முடிந்து, ஒரே பெயராகிவிடும். மேற்சொன்ன பட்டியல் முறையில் இந்தத் தொல்லையும் எழாது.

கேள்வி: கோழிப்பண்ணைகளுக்கான மென்பொருள் எங்களுடையது. சர்வர் முழுக்க அலுவலக நெட்வொர்க்குக்குள், ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பிறகும் இது தேவையா?
— வாசகர், நாமக்கல்

பதில்: தேவை. நீங்கள் அனுமதித்த வழியாகவே கோப்பு உள்ளே வருகிறது. ஃபயர்வால் அதைத் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. நிறுவனங்களுக்கிடையே கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறுவதற்கென்றே உருவான மூவிட் டிரான்ஸ்ஃபர் மென்பொருளின் இணைய முகப்பில் 2023 மே மாதம் இதே வகைக் குறை ஒன்று சுரண்டப்பட்டு, 'கிளாப்' என்ற கும்பலின் கையில் உலகெங்கும் ஏராளமான நிறுவனங்களின் கோப்புகள் சிக்கின. கோப்பு கடந்துசெல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு மென்பொருளும் தாக்குதலுக்கு உரிய இடமே.

உங்கள் துறையில் இன்னொரு வடிவத்தையும் எதிர்பார்க்க வேண்டும். பண்ணையின் பெயரைக் கைபேசிச் செயலி முறையாகப் பாராமீட்டராக அனுப்பி, அது பிசகின்றிச் சேமிக்கப்படுகிறது. இரவில் ஓடும் இன்னொரு நிரல், 'இது நம் தரவுத்தளத்திலிருந்து வந்ததுதானே' என்ற எண்ணத்தில் அந்தப் பெயரை எடுத்துத் தீவனக் கணக்குக் கட்டளையில் ஒட்டுகிறது. வெளியிலிருந்து வந்தவர் எழுதிய சொல், ஓரிடத்தில் அடங்கிக் கிடந்து இரண்டாம் இடத்தில் கட்டளையாகிறது. பல படிகள் கொண்ட பைப்லைனில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் தரவை அந்நியருடையதாகவே கருத வேண்டும்.

கேள்வி: பைப்லைன் வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் ஏர்ஃப்ளோ கருவியில் பைப்லைன் அமைக்கிறேன். நாள், கிளைப் பெயர் ஆகியவற்றை ஜின்ஜா வார்ப்புரு மூலம் எஸ்.க்யூ.எல்.லில் நிரப்புகிறோம். 'வார்ப்புரு இயந்திரமே காத்துக்கொள்ளும், நீ கவலைப்படாதே கண்ணு' என்று எங்கள் டீம் லீட் அண்ணா சொல்கிறார். அப்படித்தானா?
— வாசகி, சரவணம்பட்டி, கோவை

பதில்: உங்கள் அண்ணாவின் அனுபவத்தை மதித்தே மறுக்கிறேன். ஜின்ஜா ஒரு சொல் நிரப்பி. தான் நிரப்புவது எஸ்.க்யூ.எல். என்பது அதற்குத் தெரியாது. அதிலுள்ள தானியங்கிக் காப்பு எச்.டி.எம்.எல்.லுக்கானது, அது இங்கே உதவாது. வார்ப்புரு நிரம்பிய பின் தரவுத்தளத்துக்குச் செல்வது, கையால் ஒட்டிய தொடரைப் போன்றதே.

யார் அந்தச் சொல்லைத் தருகிறார்கள் என்பதை வைத்து இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்தின் நாள் போன்று ஏர்ஃப்ளோ தானே கணக்கிட்டுத் தருவதை வார்ப்புருவில் இடுவதால் தீங்கு நேர வாய்ப்பில்லை. கிளைப் பெயரை, ஓட்டத்தைத் தொடங்கும் ஒருவர் திரையில் தட்டச்சு செய்கிறார் என்றால், அவருக்கு அந்த ஒரு பொத்தானை அழுத்தும் உரிமை மட்டுமே தரப்பட்டிருந்தாலும், உங்கள் பைப்லைன் கணக்குக்கு உள்ள எல்லா உரிமைகளும் மறைமுகமாக அவர் கைக்குப் போய்விடும். எஸ்.க்யூ.எல். கட்டளையை ஓட்டும் ஏர்ஃப்ளோவின் ஆப்பரேட்டரில் பெயரொற்றுமையுடைய இரண்டு உள்ளீடுகள் உள்ளன: 'பாராம்ஸ்' வார்ப்புருவுக்குப் போகும், 'பாராமீட்டர்ஸ்' தரவுத்தளத்தோடு பேசும் டிரைவருக்குத் தனியே போகும். கிளைப் பெயர் இரண்டாவதன் வழியாகவே கட்டளையைச் சேர வேண்டும். கூடவே, பாராம்ஸில் அந்த உள்ளீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கிளைகளின் பட்டியலை வரையறுத்துவிட்டால், பட்டியலில் இல்லாதது வந்தவுடன் ஓட்டமே தொடங்காது.

ஏர்ஃப்ளோவின் சொந்த நிரலிலும் இது நேர்ந்திருக்கிறது. அட்டவணைகளைச் சரிபார்க்கும் ஓர் ஆப்பரேட்டரில், எந்தப் பகுதியைச் சரிபார்ப்பது என்று சொல்லும் நிபந்தனை வாசகத்தைப் பயனரிடமிருந்து பெறும்படி அமைத்தால், அதன் வழியே வேறு கட்டளையை நுழைக்க முடியும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டு, அந்தத் தொகுப்பு திருத்தப்பட்டது. ஆகவே தொகுப்புகளைப் புதுப்பித்து வைத்திருங்கள். நிபந்தனை வாசகத்தை முழுதாகப் பயனரிடம் விட்டுவிடும் அமைப்பை எந்தக் கருவியிலும் தவிருங்கள். எஸ்.க்யூ.எல். வார்ப்புருக்களால் தரவை உருமாற்றும் டி.பி.டி. கருவியைப் பயன்படுத்தினால் அதன் மாறிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: வீட்டு ஜவுளித் துறையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய நிரல்கள் எங்களிடம் ஏராளம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஆட்கள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கரூர்

பதில்: தரவுத்தளக் கணக்கின் உரிமைகளிலிருந்து தொடங்குங்கள். நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் சேதத்தின் அளவைக் குறைக்கும் வேலை அது. இன்று உங்கள் பைப்லைன்கள் எல்லாமே போஸ்ட்கிரெஸின் எல்லா உரிமைகளும் கொண்ட சூப்பர்யூசர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு குறை போதும், காப்பி கட்டளையின் புரோகிராம் வசதி வழியாகச் சர்வரின் இயங்குதளத்திலேயே கட்டளை இட முடியும். தரவு மட்டுமன்றி இயந்திரமே பறிபோகும். கோப்பை ஏற்றும் கணக்குக்கு, வந்திறங்கும் அட்டவணைகளில் சேர்க்கும் உரிமை மட்டும் தாருங்கள். அறிக்கை எடுக்கும் கணக்குக்கு வாசிக்கும் உரிமை போதும். அட்டவணைகளின் உரிமையாளராக வேறொரு கணக்கு இருக்கட்டும். போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணையை அழிப்பது அதன் உரிமையாளர், அது இருக்கும் ஸ்கீமா எனும் அட்டவணைத் தொகுதியின் உரிமையாளர், சூப்பர்யூசர் ஆகியோருக்கே இயலும் என்பதால், ஏற்றும் நிரல் ஏமாந்தாலும் அட்டவணை பிழைக்கும்.

அடுத்து, வெளியார் கோப்புகளைத் தொடும் நிரல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானுக்கு பேண்டிட், ரஃப் ஆகிய சோதனைக் கருவிகளில், ஒட்டி உருவாக்கிய எஸ்.க்யூ.எல். தொடர்களைச் சுட்டும் விதிகள் உள்ளன. அவை காட்டாதது எல்லாம் சரி என்று பொருளல்ல. காட்டுவதைப் பார்த்துத் தொடங்கலாம் என்பதே பயன். 2022இல் வந்த பைத்தான் 3.11இல் லிட்டரல்ஸ்ட்ரிங் என்ற வகைக்குறிப்பு சேர்ந்தது; நிரலுக்குள் நேரடியாக எழுதப்பட்ட சொற்றொடர் என்பது அதன் பொருள். கட்டளையைப் பெறும் உங்கள் பொதுச் செயற்கூறு அதை மட்டுமே ஏற்கும் என்று குறித்துவிட்டால், வெளியிலிருந்து வந்த சொல்லை ஒட்டிய தொடர் அங்கே போகும்போது வகைச் சோதனைக் கருவி பிழை காட்டும். புதிதாக எழுதப்படும் நிரல்களில் பழைய பழக்கம் திரும்பாதிருக்க இதைவிடச் சிக்கனமான வழியை நான் அறியேன்.

சோதனைக் கோப்பு ஒன்றையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், அரைப்புள்ளி, பின்சாய்கோடு, இரண்டு சிறு கோடுகள், தமிழ் எழுத்துகள், அங்குலக் குறியோடு வரும் பெட்ஷீட் அளவு ஆகியவை அதன் வரிகளில் இருக்கட்டும். சோதனைத் தரவுத்தளத்தில் அதை ஏற்றி, உள்ளே போனதும் வெளியே எடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிரலே ஒப்பிடட்டும். தரவு சிதையாமல் வருகிறதா என்ற சோதனையும் இன்ஜெக்ஷன் சோதனையும் இதில் ஒன்றாகவே முடியும்.

கேள்வி: தென்னை நார் ஏற்றுமதி செய்கிறோம். ஒருவேளை இது நடந்தேவிட்டது என்று ஐயம் வந்தால் உடனே செய்ய வேண்டியது என்ன?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: பைப்லைனை நிறுத்துங்கள், சர்வரை அழித்து மீண்டும் நிறுவிவிடாதீர்கள். வந்த கோப்பு, பைப்லைன் பதிவேடு, தரவுத்தளப் பதிவேடு மூன்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள். தரவுத்தளப் பதிவேட்டில், வழக்கமாக ஓடும் ஏற்றத்தின் நடுவே இலக்கணப் பிழைச் செய்திகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முயன்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தடத்தை விட்டுச்செல்வார்கள். பைப்லைன் பயன்படுத்திய கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவின்படி, தரவுத்தளச் சர்வர் மீதான தாக்குதல் போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர்கள், வாடிக்கையாளர்கள் ஆகியோரின் தனிப்பட்ட விவரங்கள் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தால் வழக்கறிஞரையும் அன்றே அழையுங்கள். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. காப்புநகலிலிருந்து மீட்கும் வேலை அதற்குப் பிறகுதான். மீட்கும் முன், அந்தக் கோப்பை ஏற்றிய நிரல் திருத்தப்பட்டுவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.